தரையைப் பார்த்து வாசிப்பவர்

ஏப்ரல் ஏழாம் தேதி, திங்கட்கிழமை. மூன்று நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பாட்டை ட்ரீவா சட்ஃபின் பதினான்காவது நிமிடமாக கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. பார்வை தரையில் இருந்தது. தரையில் எதுவும் நடக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் லோவல் முதலில் ரசித்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பன்றிக்கறி வைத்த பன் ஒன்றை நிதானமாகத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு மைக் பொத்தானை அமுக்கினான்.

"ட்ரீவாக்கா, இது முடியுமா? இல்ல நான் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரட்டுமா?"

ட்ரீவாவின் கை நிற்கவில்லை. "நீ சொல்லு, முடிச்சிடறேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க பாட்டு. நீங்கதான் முடிக்கணும்."

அப்போதுதான் கை நின்றது. மேடையேறி முப்பது வருடம் ஆகிவிட்டது. வர்ஜீனியா மலைப்பக்கத்துப் போட்டிகளில் முதல் பரிசாக வாங்கிய நீல ரிப்பன்கள் ஒரு அலமாரி முழுக்கத் தொங்குகின்றன. அந்தப் பெண்மணிக்கு நாற்பத்தெட்டாவது வயதில், ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்ட ஒரு பழைய பால் கறக்கும் கொட்டகையின் நடுவில் தன்னைப் பற்றி ஒரு விஷயம் தெரியவந்தது. பாட்டைத் தொடங்கத் தெரியும். காற்று வேகத்தில் வாசிக்கத் தெரியும். முடிக்கத் தெரியாது. இதுவரை ஒன்றைக்கூடத் தானாக முடித்ததில்லை.

ப்ளூகிராஸ் என்ற மலைநாட்டு இசையை வாசிப்பவர்கள் வட்டமாக நின்று வாசிக்கிறவர்கள். பாஞ்சோவுக்கு ஒரு முறை, ஃபிடிலுக்கு ஒரு முறை, மாண்டலினுக்கு ஒரு முறை என்று பாட்டு கை மாறிக்கொண்டே போகும். எத்தனை சுற்று என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கடைசிச் சுற்று வந்ததும் தலைவர் வாயைத் திறக்காமல் ஒரு காலைத் தூக்கி முன்னால் நீட்டுவார். அவ்வளவுதான். எட்டுப் பேர் ஒரே நொடியில் நிறுத்துவார்கள். ட்ரீவா இருக்கும் 'மட்லிக் பாய்ஸ்' குழுவில் அந்தக் கால் அண்ணன் ஹோபர்ட்டுடையது. வலது கால். பழுப்பு பூட்ஸ். இடது பூட்ஸின் நுனியில் வெள்ளை பெயின்ட் சொட்டு ஒன்று உண்டு, அது தூக்கப்படாத கால். போட்டி மேடைகளிலும் துணைக்கு மாண்டலின் பிடித்து நின்றது ஹோபர்ட்தான். அங்கேயும் அதே கால்தான்.

அதனால்தான் ட்ரீவா தரையைப் பார்த்து வாசிக்கிறார். கூச்சம் என்று சிலரும் பக்தி என்று சிலரும் நினைத்திருந்தார்கள். இரண்டும் இல்லை. முப்பது வருடமாக ஒரு காலுக்குக் காத்திருக்கிறார்.

தரையையே பார்த்ததில் வேறு திறமைகளும் வந்து சேர்ந்தன. அந்த வட்டாரத்தில் யாரையும் அவர் முகத்தை வைத்து அடையாளம் சொல்வதில்லை. "யாரு, அந்தப் பச்சை ஷூ லேஸா? நல்ல பையன்தான், ஆனா ஃபிடில் வாசிக்கையில குதிகால் தரையில நிக்காது, நம்ப முடியாது," என்பார். கணவர் வெய்னைப் பற்றிக் கேட்டால், "முதல்ல ஷூதான் பிடிச்சது. மூஞ்சியப் பாக்க மூணு மாசமாச்சு. பரவால்லன்னு விட்டுட்டேன்," என்பார். வெய்ன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

பிழைப்புக்கு அவர் ஓட்டுவது பள்ளிக்கூட பஸ். ஒன்பதாம் எண் வண்டி. காலையில் முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு ஜோடி ஷூ. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் படியேறும் பிள்ளையின் ஷூதான் முதலில் தெரியும். யார் இரவெல்லாம் அழுதது, யார் பரீட்சைக்குப் படிக்கவில்லை என்பதெல்லாம் அந்த இரண்டாம் படியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். கம்பியை மீட்டும் பிக்கைக் கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் செருகியிருப்பார். வண்டி நிற்கும்போதெல்லாம் வலது கை ஸ்டியரிங்கின் மேல் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், "மிஸ் ட்ரீவாவுக்கு மறுபடி கை நடுங்குது," என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்த நடுக்கத்தை கிட்டாரின் மேல் வைத்தால் விநாடிக்குப் பன்னிரண்டு சுரம் விழும், ஒவ்வொன்றும் தனித்தனியாக. கிட்டாரின் முகத்தில் துளைக்குக் கீழே பூச்சு தேய்ந்து வெறும் மரம் தெரிகிற இடம் உள்ளங்கை அளவு இருக்கும்.

அவர் பதிவு செய்ய வந்த ஆல்பத்தின் பெயரும் பஸ்ஸிலிருந்து வந்ததுதான்: 'இரண்டு மணி நேரத் தாமதம்'. பனியோ மூடுபனியோ மலைப்பாதையை மறைக்கும் நாட்களில் விடிகாலை நாலே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து அந்தச் செய்தி வரும். ட்ரீவா அதற்குள் எழுந்து, பல் விளக்கி, காப்பி குடித்திருப்பார். யாரும் கணக்குக் கேட்காத இரண்டு மணி நேரம் மடியில் வந்து விழும். ஆல்பத்தின் பத்துப் பாட்டும் அந்த நேரங்களில் பிறந்தவை. அவை வீட்டில் எப்படி முடியும் என்று லோவல் கேட்டபோது ட்ரீவா கொஞ்சம் யோசித்தார்.

"முடிஞ்சதில்லடா. பஸ்ஸுக்கு நேரமாயிடும். வச்சிட்டுப் போயிடுவேன்."

வசந்தகால விடுமுறை ஐந்து நாள். அடுத்த திங்கட்கிழமை பஸ் ஓட வேண்டும். ஜூனில் பள்ளி மூடினால் செப்டம்பர் வரை எல்லா வாரமும் திருவிழா மேடைகள். இந்த வாரம் தவறினால் அடுத்த குளிர்காலம்தான். ட்ரீவாவின் முதல் தனி ஆல்பத்துக்கு இருந்த காலம் அந்த ஐந்து நாள்தான். அதில் முதல் நாள் முழுவதும் முடிவில்லாத பாட்டுகளாகவே போயிற்று.

லோவல் வழி வைத்திருந்தான். வயது முப்பது, படித்தவன். "கடைசியில சத்தத்தை மெல்ல மெல்லக் குறைச்சிடறேன்க்கா. தூரமாப் போற மாதிரி இருக்கும்."

"ஒருத்தி பேசிட்டிருக்கையில கதவைச் சாத்துற மாதிரி இருக்கும். வேணாம்."

"அப்ப மட்லிக் பாய்ஸோட பழைய பதிவுல ஒரு நல்ல முடிவா எடுத்து ஒட்டிடறேன்."

"எங்க நாய்க்கு ஊரான் நாய் வாலா? போடா."

செவ்வாய்க்கிழமை அவன் ஒரு சிவப்பு பல்பை ட்ரீவாவின் பாதத்துக்கு முன்னால், தரையிலேயே பொருத்தினான். கடைசிச் சுற்றில் பல்பு எரியும், அவர் பார்ப்பார், முடிப்பார். நல்ல ஏற்பாடு. பல்பு எரிந்தது. ட்ரீவா சுரத்தின் நடுவில், பிக் கம்பியில் பட்டும் படாமலும் அப்படியே உறைந்து நின்றார். மறுபடியும் எரிந்தது, மறுபடியும் உறைந்தார். வலது கால் தரையை ஓங்கி மிதித்திருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டுறேன்," என்றார், மன்னிப்புக் கேட்கும் குரலில். "சிவப்பைப் பாத்தா பாட்டை முடிக்கத் தோணாது. பிரேக்தான் தோணும்."

புதன்கிழமை லோவல் தானே வந்து எதிரில் உட்கார்ந்து கால் தூக்கினான். அவன் போட்டிருந்தது ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஆரஞ்சு நிற ரப்பர் செருப்பு. அது மேலே எழுந்ததும் ட்ரீவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பாட்டு சிரிப்பில் போயிற்று. மதியத்துக்கு மேல் அவன் அப்பாவின் தோட்ட பூட்ஸ் ஒன்றை விளக்குமாற்றுக் கட்டையில் மாட்டிக் கதவிடுக்கு வழியாக நீட்டிப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று ட்ரீவா உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பூட்ஸ் எழுந்தது. கட்டையில் சரியாக மாட்டாததால் திரும்பிக்கொண்டு, பாதம் பின்பக்கம் பார்த்து நின்றது. பக்கத்து வயலில் ஒரு மாடு கத்தியது. இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் லோவல் பூட்ஸைக் கட்டையிலிருந்து கழற்றினான். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"நிஜக் காலையே கூப்பிடுங்கக்கா," என்றான் லோவல்.

ட்ரீவா பிக்கைக் கடிகாரப் பட்டைக்குள் செருகினார். நிஜக் கால் அவரோடு பேசி ஆறு வாரம் ஆகியிருந்தது.

காரணம் இது. அந்த மலையில் 'தனி ஆல்பம்' என்றால் பெயர் மட்டும்தான் தனி. அட்டையில் ஒருவர் படம் இருக்கும், உள்ளே ஐந்து பேர் வாசித்திருப்பார்கள். கூட வாசிக்கிறவர்களை அழைப்பதுதான் மரியாதை. பாஞ்சோக்காரர் போட்ட தனி ஆல்பத்தில் மட்லிக் பாய்ஸ் மொத்தமும் இருந்தது, அவருடைய மச்சினன்கூட ஒரு பாட்டுக்கு ஸ்பூனால் தாளம் தட்டியிருந்தான். ட்ரீவாவோ கிட்டார் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். வேறு ஒருவரும் இல்லை. ஹோபர்ட்டுக்கு இது விளங்கவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா பக்கத்துல நின்னவன் என்ன, வேலிக் கம்பமா?"

"அதில்லண்ணே. யாரும் இல்லாம நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவை கேக்கணும்."

"கேளு, கேளு. நல்லாக் கேளு." அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு ஒத்திகைகளில் இருவருக்கும் நடுவில் ஆளுயர பாஸ் வாத்தியத்தோடு நிற்கும் பாஸ்காரர் வழியாகத்தான் செய்தி போகும். "அந்தம்மாகிட்ட சொல்லு, அடுத்தது ஜி சுருதின்னு." பாஸ்காரர் கழுத்தைத் திருப்பி, "ஜி-யாம்," என்பார். "கேட்டுச்சுன்னு சொல்லு," என்பார் ட்ரீவா. ஆறு வாரத்தில் பாஸ்காரருக்குக் கழுத்து சுளுக்கியிருந்தது. பாட்டின் முடிவில் கால் மட்டும் தவறாமல் எழுந்தது. கோபம் அதுவரை போகவில்லை.

வியாழக்கிழமை பகலும் முடிவில்லாத பாட்டுகளிலேயே போயிற்று. மாலை ஐந்து மணிக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் காட்டுப் பூண்டு விருந்து. மலைச்சரிவில் ஏப்ரலில் மட்டும் முளைக்கும் அந்தப் பூண்டை உருளைக்கிழங்கோடும் பன்றிக்கறியோடும் வதக்கி ஊரே தின்னும். அதன் வாடை தின்றவரை விட்டு மூன்று நாளைக்குப் போகாது. தீயணைப்புத் தொண்டர் படையில் ஹோபர்ட்டுக்கு அடுப்பு வேலை. ஏப்ரன் கட்டி, அகலமான வாணலியின் முன்னால் நின்றிருந்தார். தட்டோடு வந்து நிற்பது யார் என்று நிமிர்ந்து பார்த்தார், பிறகு வாணலியைப் பார்த்தார்.

"கிழங்கு வேணுமா, கறி வேணுமான்னு அந்தம்மாவைக் கேளு," என்றார். பக்கத்தில் யாரும் இல்லை. பாஸ்காரர் வீட்டில் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் வேணும்," என்றார் ட்ரீவா. "அதோட உங்க கால் வேணும்ணே."

கரண்டி நின்றது. "என்ன வேணும்?"

"காலு. வலது."

ஹோபர்ட் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார், பத்திரமாக இருக்கிறதா என்பது போல. ட்ரீவா திங்கட்கிழமையிலிருந்து நடந்ததைச் சொன்னார். பதினான்கு நிமிடம், சிவப்பு பல்பு, ஆரஞ்சுச் செருப்பு, விளக்குமாறு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தட்டுகளைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள்.

"மாண்டலின் வேணாம்," என்றார் ஹோபர்ட்.

"வேணாம்."

"பாட்டு வேணாம்."

"வேணாம்ணே."

"காலைத் தூக்க மட்டும் ஆள் வேணும். அதுக்குத் தெருநாய் போதாதா? அது என்னைவிட நேரத்துக்குத் தூக்கும்."

வரிசை முழுவதும் சிரித்தது. ஹோபர்ட் சிரிக்கவில்லை. தங்கையின் தட்டில் கிழங்கைக் கொட்டினார். வழக்கமான அளவைவிட அது இரண்டு மடங்கு இருந்தது. "வரமாட்டேன்," என்றார். "அடுத்த ஆள்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ட்ரீவா குனிந்து கம்பியைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது முதலில் வாடை வந்தது. கொட்டகையின் கதவு திறந்து மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோவல் சட்டைக் கழுத்தை இழுத்து மூக்கை மூடிக்கொண்டான். தரையில், நேர் எதிரில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. இடது நுனியில் வெள்ளைச் சொட்டு. ஆனால் இரண்டும் பளபளத்தன. பாலிஷ் போட்டிருந்தது. எண்ணெயும் போட்டிருந்தது, மைக்கில் கீச்சென்று கேட்கக் கூடாது என்று.

"ஒரு வார்த்தை பேசமாட்டேன்," என்றது பூட்ஸுக்கு மேலிருந்த குரல். "தூக்குறதுக்கு வந்தேன். தூக்கிட்டுப் போயிடுவேன்."

"நாற்காலி போடவாண்ணே?"

"நின்னுதான் தூக்கிப் பழக்கம்."

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நடந்ததை லோவல் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதல் பாட்டு இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. கால் எழுந்தது, ட்ரீவா முடித்தார், கத்தரியால் நறுக்கியது போல் இருந்தது. இரண்டாவது மூன்று நிமிடம். மூன்றாவதற்கு மட்டும் இரண்டு முறை, ஹோபர்ட்டுக்குத் தும்மல் வந்ததால். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ட்ரீவா வாசிக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். சரிவில் பிரேக் இல்லாமல் இறங்குகிற சைக்கிள் போல விரல்கள் ஓடின. எங்கே நிற்கும் என்ற கவலை அவருடையது இல்லை, அதற்கு எதிரில் ஒரு ஆள் இருந்தார். ஏழாவது பாட்டின் நடுவில் கையை மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் மாற்றி மாற்றி, இரண்டு பேர் சண்டை போடுவது போல வாசித்தார். பாத்ரூமுக்குப் போக எழுந்த லோவல் போகாமல் உட்கார்ந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் நிற்கவில்லை. இரண்டரை மணிக்கு ஒன்பது பாட்டு முடிந்திருந்தது.

பத்தாவது, ஆல்பத்தின் பெயர்ப் பாட்டு. பிப்ரவரியில், சாலையெல்லாம் பனிக்கட்டியாக உறைந்திருந்த ஒரு காலையில் உண்டானது. மற்ற ஒன்பதையும் ஹோபர்ட் எங்கேயாவது ஒரு மேடைக்குப் பின்னால் கேட்டிருந்தார். இதை வெய்னும் நாயும் தவிர யாரும் கேட்டதில்லை.

தொடங்கினார். முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது சுற்றில் கால் எழ வேண்டும். எழவில்லை. சரி, இன்னும் ஒன்று கேட்கிறார் என்று ட்ரீவா புதிதாக ஒன்றைப் பின்னினார். ஐந்தாவது. பூட்ஸ் இரண்டும் ஆணியடித்தது போலத் தரையில் இருந்தன. ஆறாவது. ஆறு வாரக் கோபத்தை இந்தப் பாட்டுக்காகவே அண்ணன் எடுத்து வைத்திருக்கிறாரோ என்று ட்ரீவாவுக்குத் தோன்றியது. ஏழாவது. கண்ணாடிக்குப் பின்னால் லோவல் கையை ஆட்டிக்கொண்டிருந்தான், அதை இருவரில் யாரும் பார்க்கவில்லை. எட்டாவது சுற்று தொடங்கியபோது ட்ரீவா சட்ஃபின் முப்பது வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். வாசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினார்.

ஹோபர்ட் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, மாண்டலின் இல்லாத கைகள் இரண்டும் வயிற்றின் மேல் கிடந்தன. முப்பது வருடமாகப் பக்கவாட்டில் நின்றவர். தங்கையின் வலது கையை எதிரிலிருந்து இதுவரை பார்த்ததில்லை; இன்றும் ஒன்பது பாட்டுவரை சுற்றுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். கால் என்று ஒன்று தனக்கு இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ட்ரீவாவுக்குச் சிரிப்பு பொங்கியது. அண்ணனின் கால் இனி எழாது. தரையில் அதைத் தவிர இருந்தவை தன்னுடைய கால்கள்தான். பஸ் ஓட்டும் சாம்பல் நிற ஷூ, வலது பாதத்தில் அடிப்பகுதி தேய்ந்தது. அந்தச் சுற்றின் பாதியில் அந்த வலது ஷூ தரையை விட்டு அரையடி எழுந்து காற்றில் நின்றது. ட்ரீவா அதைப் பார்த்தார். ஒன்பது முறை வாசித்த முடிவைப் பத்தாவது முறையாக, தெளிவாக, கடைசிச் சுரம் வரை வாசித்து நிறுத்தினார்.

மைக் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள," என்றார் ஹோபர்ட். "ஏன் நிறுத்துன?"

அதை லோவல் வெட்டவில்லை. வெட்டட்டுமா என்று கேட்டதற்கு ட்ரீவா, "விளக்குமாறு எங்கடா?" என்றார். ஆறு நிமிடம் பத்து விநாடி கிட்டார், அதற்குப் பிறகு அந்த ஒரு கேள்வி, அதோடு ஆல்பம் முடிகிறது. பின்னட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ட்ரீவா சட்ஃபின், கிட்டார். ஹோபர்ட் சட்ஃபின், வலது கால், ஒன்பது பாட்டுகளில். ஹோபர்ட் அதை இப்போதே நகலெடுத்து வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். "மாண்டலின்ல யார் வேணா பேர் வாங்கலாம்," என்று பாஸ்காரரிடம் நேராகவே சொன்னார். பாஸ்காரருக்குக் கழுத்து தேவலை. வெளியீடு மே பதினேழு, சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில். பூண்டு வாடை அதற்குள் போயிருக்கும் என்று நம்புகிறார்கள்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு ஒன்பதாம் எண் பஸ் முதல் நிறுத்தத்தில் நின்றது. மூடுபனி இல்லை, தாமதமும் இல்லை. இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் ஏறின. மினுங்கும் விளக்கு வைத்த ஷூ ஒரு ஜோடி, லேஸ் அவிழ்ந்தது ஒரு ஜோடி.

"லேஸைக் கட்டு கண்ணு," என்றார் ட்ரீவா, தலை நிமிராமல்.

கதவை மூடினார். பிரேக்கிலிருந்து வலது காலைத் தூக்கினார். பஸ் கிளம்பியது.